விசைப்படகின் கடல்நீர்ப் பம்பை மாற்றும் முறை

வயலில் தண்ணீர் இறைப்பதற்காக எஞ்சினை வைத்திருக்கிறோம். விசைப்படகிலோ, எஞ்சினைக் காப்பதற்காகவே ஒரு பம்பு தண்ணீர் இறைக்கிறது. இந்தச் சிறு பம்பு நின்றுவிட்டால், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் படகும் நின்றுவிடும். 1952-ஆம் ஆண்டில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை ஆகியவை செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் இயந்திரப் படகுகளைப் பரப்பும் முயற்சி தொடங்கிற்று. அன்றுமுதல் நம் கடலோரங்களில் டீசல் எஞ்சின்கள் பெருகியுள்ளன. ஆனால் பம்பைக் கழற்றிப் பூட்ட அறிந்தவர்கள் அந்த அளவுக்குப் பெருகினார்கள் என்று சொல்வதற்கில்லை. கடலோரப் பஞ்சாயத்துகள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

பல படகு எஞ்சின்களில் நன்னீர் உள்ளேயே சுற்றிவருகிறது. கடல்நீர் அதன் சூட்டை வாங்கிக்கொண்டு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. கடல்நீரை இழுக்கும் பம்பினுள் ரப்பர் இதழ்கள் கொண்ட ஒரு சக்கரம் உண்டு. இதற்கு இம்பெல்லர் என்று பெயர். கூட்டின் ஒரு பக்கம் மேடாக இருப்பதால், இதழ்கள் அங்கே மடங்கி நீரைப் பிதுக்கித் தள்ளுகின்றன. நீரின்றிச் சில நிமிஷம் ஓடினாலும் ரப்பர் கருகிவிடும்.

பம்பின் அடியில் ஒரு சிறு துளையைக் காணலாம். நீரைத் தடுக்கும் சீலுக்கும் எண்ணெயைத் தடுக்கும் சீலுக்கும் நடுவே அது வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கிறது. அதில் கடல்நீர் சொட்டினால் நீர்ப்பக்கத்துச் சீல் தேய்ந்துவிட்டது என்றும், எண்ணெய் சொட்டினால் மற்றது தேய்ந்துவிட்டது என்றும் அறியலாம். ஒழுகுகிறதே என்று சிலர் அத்துளையில் மரக்குச்சியைச் செருகி அடைத்துவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய தவறு வேறில்லை. வெளியே போக வழியற்ற உப்புநீர் பேரிங்கை அரிக்கும். பற்சக்கரத்தால் ஓடும் பம்பாயின் எஞ்சின் எண்ணெயிலும் கலந்துவிடும். எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் எஞ்சினை ஓட்டவே கூடாது.

பம்பைக் கழற்றுமுன் கடல்நீர் வரும் வால்வை மூடுக. மறந்தால் படகினுள் தண்ணீர் ஏறும். பிறகு ஹோஸ் குழாய்களைக் கழற்றி, பெல்ட் இருப்பின் தளர்த்தி, போல்ட்டுகளை எடுத்துப் பம்பைப் பிரிக்கலாம். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது துணுக்குகள் எஞ்சினுக்குள் விழாதபடி துளையைத் துணியால் மூடுக.

இனி, பழைய இம்பெல்லரின் இதழ்களை எண்ணிப் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால், உடைந்த துண்டுகள் அனைத்தையும் தேடி எடுத்த பின்னரே மேற்கொண்டு வேலை செய்யலாம். புதுப் பம்பைப் பூட்டிய பின்னும் சூடு குறையாத ஒரு படகை நாம் பார்த்தோம். நன்னீரைக் குளிர்விக்கும் கருவியின் வாயை இரண்டு ரப்பர்த் துண்டுகள் அடைத்திருந்தன. புதுப் பம்பின்மேல் பழிபோட்டுக்கொண்டு ஒரு வாரத் தொழிலை இழந்திருந்தார்கள்.

புதுப் பம்பைப் பழையதன் அருகில் வைத்து, சுழலும் திசை, குழாயின் அளவு, பற்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒப்பிடுக. இம்பெல்லருக்குக் கிளிசரின் அல்லது சோப்புநீர் தடவலாம். மண்ணெண்ணெயும் கிரீஸும் ரப்பரைக் கெடுக்கும். சுழலும் திசைக்கு எதிர்ப்புறமாக இதழ்கள் சாய்ந்திருக்கும்படி அதை உள்ளே செலுத்த வேண்டும். புதுக் கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குக. பெல்ட்டின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 1 செ.மீ. தாழ்வது போதும்.

வால்வைத் திறந்துவிட்டு எஞ்சினை மெதுவாக ஓட்டுக. அரை நிமிஷத்துக்குள் புகையோடு நீர் வெளிவர வேண்டும். வராவிடில் உடனே நிறுத்தி, வால்வு திறந்திருக்கிறதா, இழுக்கும் பக்கத்துக் குழாயில் காற்று புகுகிறதா என்று பார்க்க வேண்டும். நீர் ஒழுங்காக வந்தால் அரை மணி நேரம் ஓடவிட்டு, அடித்துளையில் விரல் வைத்துப் பார்க்கலாம். விரல் உலர்ந்திருந்தால் படகைக் கடலுக்கு அனுப்பலாம். உபரி இம்பெல்லர் ஒன்றும், அதன் மூடியைக் கழற்றும் ஸ்பானரும் உடன் இருக்கட்டும்.