ஃபங்ஷனல் புரோகிராமிங்: பாடமா, பாரமா?

கணினி அறிவியல் பாடத்திட்டத்தைச் சுருக்க வேண்டி வந்தால், முதல் கத்தரி பெரும்பாலும் ஃபங்ஷனல் புரோகிராமிங் மீதுதான், அதாவது மதிப்புகளை மாற்றாமல் ஃபங்ஷன்களைக் கோத்தே புரோகிராம் எழுதும் முறை மீதுதான், விழுகிறது. அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் நிற்குமா என்று பார்க்கலாம்.

நம்பிக்கை: இது ஆராய்ச்சியாளர்களின் பொழுதுபோக்கு, தொழிலில் எடுபடாது.

உண்மை: தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளுக்காக எரிக்சன் நிறுவனத்தில் 1980-களில் உருவான எர்லாங் என்ற ஃபங்ஷனல் மொழியில்தான் வாட்ஸ்அப்பின் சர்வர்கள் எழுதப்பட்டன. பெருந்தரவை அலசும் கூகுளின் மேப்ரெடியூஸ் பற்றிய 2004-ஆம் ஆண்டுக் கட்டுரையும் தன் மூல யோசனை லிஸ்ப் போன்ற ஃபங்ஷனல் மொழிகளிலிருந்து வந்ததாகவே சொல்கிறது.

நம்பிக்கை: ஜாவா தெரிந்தால் போதும்.

உண்மை: அந்த ஜாவாவுக்குள்ளேயே 2014-இல் ஃபங்ஷனல் மொழிகளின் லாம்டா (பெயரில்லாத ஃபங்ஷன்) நுழைந்துவிட்டது. வெளியே அறிவித்த ஒரு லோக்கல் வேரியபிளில் லாம்டாவுக்குள் இருந்தபடி மதிப்பெண்களைக் கூட்டிக்கொண்டே போகப் பாருங்கள், கம்பைலர் மறுத்துவிடும். மதிப்பை மாற்றாமல் எழுதிப் பழகிய மாணவர் அந்த வரியை எழுதவே மாட்டார்.

நம்பிக்கை: முதலாண்டு மாணவர்களுக்குப் புரியாது.

உண்மை: தமிழ்நாட்டுப் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூல் ஃபங்ஷனில்தான் தொடங்குகிறது, ப்யூர் ஃபங்ஷன் (ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தருவது, வேறெதையும் மாற்றாதது) எது, அல்லாதது எது என்பதும் அதில் உண்டு. 3, 5, 7 என்ற பட்டியலை ஃபங்ஷனல் முறையில் கூட்ட வேண்டுமா? முதல் எண்ணோடு மீதிப் பட்டியலின் கூட்டுத்தொகையைச் சேர். பட்டியல் காலியானால் பூஜ்யம். புரோகிராம் இவ்வளவுதான். 3 + (5 + (7 + 0)) என்று தாளிலேயே விரித்து 15-ஐ எட்டிவிடலாம். எவ்வளவு நீளமான பட்டியலுக்கும் இது சரி என்பதைக் கணிதத் தொகுத்தறிதலால் நிறுவவும் முடியும்.

நம்பிக்கை: எம்.ஐ.டி.யே கைவிட்டுவிட்டது.

உண்மை: ஸ்கீம் என்ற ஃபங்ஷனல் மொழியில் நடந்த புகழ்பெற்ற அறிமுகப் பாடத்தை எம்.ஐ.டி. பைத்தானுக்கு மாற்றியது மெய்தான். ஆனால் எடின்பரோ பல்கலைக்கழகம் முதலாண்டிலேயே ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் மொழியைக் கற்பிக்கிறது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஹாஸ்கெலுக்குப் பதில் ஜாவா என்று பேச்சு எழுந்தபோது, கணினி அறிவியல் முன்னோடி எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 2001-இல் அதை எதிர்த்துக் கடிதமே எழுதினார். புரோகிராமைக் கணிதப் பொருளாகப் பார்த்துத் தர்க்கத்தோடு அலச ஃபங்ஷனல் மொழியே தோதானது என்பது அவர் வாதம்.

கேம்பஸ் இன்டர்வியூவில் ஹாஸ்கெல் தெரியுமா என்று பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். எழுதிய புரோகிராம் சரி என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். அதற்குப் பதில் சொல்லப் பழக்குவதற்கு ஒரு செமஸ்டர் அதிகமில்லை. ஜாவாவையோ பைத்தானையோ விலக்கவும் வேண்டியதில்லை.