சுவரெழுத்து வேலைக்கு வீட்டிலேயே செய்யும் கருவிகள்

ஆட்டையாம்பட்டி என்றவுடன் யாவர்க்கும் நினைவுக்கு வருவது கைமுறுக்கு. மாவை விரலால் முறுக்கிச் சுற்றும் அக்கைகளுக்கு அச்சுத் தேவையில்லை. ஆனால் அதே ஊரில், மார்கழி விடியலில் பெரிய கோலம் போட அவகாசமில்லாத பெண்மணி, துளையிட்ட தகரக் கோல அச்சில் மாவை நிரப்பித் தரையில் தட்டுகிறார். ஒரு நொடியில் பூ விழுந்துவிடுகிறது. துளை வழியே பொடி இறங்கி உருவம் பதியும் இந்த எளிய தத்துவத்தைக் கொண்டே ஊர்ப் பலகைகளையும் சுவர்களையும் பிழையின்றி எழுதலாம். அதற்கு வேண்டிய கருவிகளை வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சிட்ட பிளெக்ஸ் பலகை கிடைக்கும்போது இத்தொல்லை எதற்கு என்று பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கேட்கலாம். திருவிழாவுக்கும் கூட்டத்துக்கும் அது போதும். நாலு நாளில் கழற்றிவிடுவோம். குடிநீர்த் தொட்டியின் செய்தி அப்படிப்பட்டதன்று. தொட்டியின் கொள்ளளவு ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். கழுவிய நாளும் அடுத்துக் கழுவ வேண்டிய நாளும் அடிக்கடி மாற வேண்டும். வெயிலில் வெளுத்துக் காற்றில் கிழிந்த பலகையை மாற்ற ஒவ்வொரு முறையும் நகரத்துக்குப் போக யாருக்கும் நேரமிருப்பதில்லை. ஆகவே நாள் எழுதும் இடம் வெறுமையாகவே கிடக்கிறது. குடம் தூக்கி வரும் தாய்மார், தொட்டி எப்போது கழுவப்பட்டது என்று வேறு எங்கே பார்ப்பார்கள்? 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பொது அதிகார அமைப்புகள் தம் தகவல்களைத் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது. செலவு, உள்ளூர் மொழி, அவ்வட்டாரத்துக்கு ஏற்ற முறை ஆகியவற்றைக் கருத வேண்டும் என்றும் கூறுகிறது. அறிவிப்புப் பலகையும் அச்சட்டம் பெயர் சொல்லிக் குறிக்கும் சாதனமேயாகும்.

நல்ல ஓவியர் ஒருவர் இருந்தால் தூரிகையை எடுத்து நேரே எழுதிவிடுவார். அத்தகையோர் இப்போது எல்லா ஊரிலும் இல்லை. பழக்கமில்லாத கை ஏணி மேல் நின்று எழுதும்போது என்ன நேரும் என்பதற்கு ஒரு சான்று: ஓர் ஊரின் தொட்டியில் உகரத்தின் கீழ்ச்சுழி விடுபட்டு, ‘குடிநீர்’ என்பது ‘கடிநீர்’ ஆகி நின்றதை நாம் கண்டோம். தரையில் தாளை விரித்து, நாலு பேர் படித்துப் பார்த்துத் திருத்திய பின்னரே சுவருக்குக் கொண்டு போவோமாயின் இப்பிழைக்கு இடமிராது. துளைத்தாளின் முதற் பயன் வேகமன்று, இந்தத் திருத்தமே என்பது நம் கருத்து.

இம்முறை புதியதன்று. சீனத்தின் துன்ஹுவாங் குகையில் கிடைத்த பத்தாம் நூற்றாண்டைச் சார்ந்த துளைத்தாள்களில் புத்தர் உருவம் புள்ளி புள்ளியாகக் குத்தப்பட்டுள்ளது. வடநாட்டுச் சிற்றோவியர்கள் மெல்லிய மான்தோலில் உருவத்தைப் படியெடுத்து, ஊசியால் குத்திக் கரித்தூள் தட்டினார்கள். நம் பக்கத்தில் சேலைக்குப் பூவேலை செய்வோர் இன்றும் துளைத்தாளின் மேல் மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்க்கிறார்கள். சுவருக்கு அது ஆகாது. எண்ணெய்க் கறை படியும். உலர்ந்த பொடியே ஏற்றது.

இனிக் கருவிகளைப் பார்ப்போம். முதலாவது ஊசிக்கோல். பென்சில் பருமனுள்ள மூங்கில் குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, ஒரு முனையில் சிறு துளையிட்டு, நடுத்தரமான தையல் ஊசியைக் காதுப் பக்கம் உள்ளே போகும்படி செருக வேண்டும். கூர்முனை ஒரு செ.மீ. அளவே வெளியே தெரியட்டும். தறி நூலால் இறுகச் சுற்றி அரக்கோ பசையோ வைத்தால் ஊசி ஆடாது. வளைவுகளுக்கு இதற்கு நிகரான கருவி இல்லை.

நீண்ட கோடுகளைக் குத்த இது மெதுவாக இருக்கும். அதற்குப் பல்சக்கரம் வேண்டும். பழுதான அலாரக் கடிகாரத்தில் ஏறத்தாழ 25 மி.மீ. குறுக்களவுள்ள பித்தளைச் சக்கரம் ஒன்றைத் தேர்ந்து அதன் அச்சைத் தட்டி எடுத்துவிடுக. பற்கள் நெருக்கமாக இருந்தால் தாளில் புள்ளி விழாமல் கீறலே விழும். அறுபது பல்லுள்ள சக்கரத்தில் பல்லுக்குப் பல் இடைவெளி 1.3 மி.மீ.தான். ஆகவே ஒன்றுவிட்டு ஒரு பல்லை முக்கோண அரத்தால் அராவி நீக்கி, எஞ்சியவற்றைக் கூராக்க வேண்டும், இடைவெளி 2.6 மி.மீ. ஆகிவிடும். பூவரசு, புளி போன்ற கெட்டி மரத்தில் கைப்பிடி செதுக்கி, முனையில் வாளால் பிளவு வெட்டிச் சக்கரத்தை வைத்துச் சைக்கிள் கம்பித் துண்டை அச்சாகச் செருகுக. இருபுறமும் தகர வளையம் வைத்தால் சக்கரம் பக்கவாட்டில் ஆடாது. இவ்வளவு சிரமம் வேண்டாமெனில், தையற்காரரிடம் இயந்திரத்தை ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, நூலைக் கழற்றிவிட்டு, நேர்க்கோடுகளின் மீது தாளை ஓட்டலாம். தாள் ஊசியை மழுக்கும். பழைய ஊசியையே போடுவது நியாயம்.

மூன்றாவது பொடிமூட்டை. வெள்ளைச் சுவருக்குக் கொட்டாங்கச்சிக் கரியை இடித்துத் துணியில் இருமுறை சலித்த தூளும், கறுப்புப் பலகைக்குப் பள்ளிக்கூடத்துச் சாக்கட்டித் தூளும் ஏற்றவை. எலுமிச்சம்பழ அளவு தூளைப் பழைய வேட்டித் துணியில் முடிந்தால் மூட்டை தயார். சுண்ணாம்புத் தூளை உபயோகிக்கலாகாது. அண்ணாந்து தட்டும்போது கண்ணில் விழுந்தால் பெருந்தீங்கு விளையும். எந்தத் தூளாயினும் மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொள்ளுதல் நலம்.

தாளுக்குப் பழுப்புக் காகிதமோ பழைய மாதக் காலண்டரின் பின்புறமோ போதும். எழுத்தின் உயரத்தை முதலில் நிச்சயிக்க வேண்டும். பத்தடித் தொலைவுக்கு ஓர் அங்குலம் என்பது பலகை எழுதுவோர் கைக்கொள்ளும் கணக்கு. அதாவது அறுபதடி தள்ளி நிற்பவர் நன்கு படிக்க ஆறு அங்குல எழுத்து வேண்டும். ஆங்கில எழுத்துக்கு வகுத்த இடைவெளி தமிழுக்குப் போதாது. ‘டி’, ‘நீ’ ஆகியவற்றின் கொம்பு மேலே ஏறுகிறது. ‘ரு’, ‘கு’ ஆகியவற்றின் சுழி கீழே இறங்குகிறது. எழுத்துயரத்தில் மூன்றில் ஒரு பங்கை மேலும் கீழும் விடாவிட்டால் ஒரு வரியின் சுழி அடுத்த வரியின் புள்ளியில் இடிக்கும்.

குத்தும்போது தாளின் அடியில் பழைய கம்பளியை மடித்துப் போட வேண்டும். நாம் முதன்முறை வெறும் பலகை மேல் வைத்துக் குத்தினோம். ஊசி இறங்கவில்லை, துளைகள் கண்ணுக்குத் தெரிந்தனவேயன்றிப் பொடியை விடவில்லை. வளைவில் 2 முதல் 3 மி.மீ. இடைவெளியும், பெரிய எழுத்தின் நேர்க்கோட்டில் 5 மி.மீ. வரையும் விடலாம். குத்தி முடித்ததும் தாளைத் திருப்பி, பின்னே பிதுங்கி நிற்கும் விளிம்புகளை மெல்லிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துவிட வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுவதால் துளைகள் மீண்டும் மூடிக்கொள்கின்றன. முன்பக்கத்தில் ‘முன்’ என்று எழுதி வைப்பதும் அவசியம்.

சுவரில் பழைய சுண்ணாம்பு உதிர்ந்தால் அதன் மேல் எழுதும் பெயிண்டும் உதிரும். முதலில் சுரண்டியாக வேண்டும். பள்ளிச் சுவரில் பழைய பெயிண்டு இருந்தால் உலர்ந்தபடி தேய்க்காமல் நீர் தெளித்துச் சுரண்டுக. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அத்தூள் குழந்தைகளுக்கு நஞ்சு. கிலோவுக்கு 90 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் கூடாதென்னும் விதி 2016இல் வகுக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அடிப்பூச்சு நன்கு காய்ந்த பின்னரே தாளை ஒட்ட வேண்டும். ஈரத்தில் பொடி ஒட்டிக்கொண்டு அழுக்காகும். கொத்தனார் நூல் அடித்த கோட்டில் தாளின் அடிக்கோடு பொருந்தட்டும். மூட்டையால் முதலில் தட்டி, பிறகு இலேசாகத் தடவி, ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்க்க வேண்டும். புள்ளிகளைப் பென்சிலால் இணைத்துப் பொடியை ஊதிவிட்டு வண்ணம் தீட்டலாம்.

தாளை மடிக்காமல் சுருட்டிக் குழாயில் இட்டு, பஞ்சாயத்து அலுவலகத்திலேயே வைத்தல் வேண்டும். ஓவியரின் வீட்டில் இருந்தால் அவரோடு அது போய்விடும். முன்னாளைய மாதிரிகள் எங்கேனும் அகப்பட்டால் ‘தலைவர்’ என்ற சொல்லைக் கவனிக்க: 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன் அதில் ‘லை’ துதிக்கையோடு இருந்தது. அதைத் திருத்தியே குத்த வேண்டும்.

அடிக்கடி மாறும் நாளுக்குத் துளைத்தாள் வேண்டாம். பழைய எக்ஸ்ரே தாளில் 0 முதல் 9 வரை எண்களை வெட்டிக்கொள்ளலாம். 0, 4, 6, 8, 9 ஆகியவற்றின் உட்கண் கீழே விழாமலிருக்க இரு சிறு பாலங்களை விட்டு வெட்டுக. பத்துத் தாள்களையும் ஓர் ஆணியில் கோத்து, ஒரு பழைய தூரிகையோடு தொட்டி இயக்குபவரின் அறையிலேயே மாட்டிவைத்தால், கழுவி முடித்த கையோடு அவரே நாளை எழுதிவிடுவார்.