படையும் குடியும்

பண்டைய ரோமானியப் போர்களைக் களமாகக் கொண்ட 'ரோம்: டோட்டல் வார்' என்னும் கணினி விளையாட்டு 2004ஆம் ஆண்டு வெளிவந்தது. இதில் வெல்வதற்கு வாள் வலிமை மட்டும் போதாது. குடிகளைக் காக்கவும் தெரிய வேண்டும்.

ஓர் ஊரில் படை திரட்டினால், அவ்வீரர்களின் எண்ணிக்கை அவ்வூரின் மக்கள்தொகையில் குறையும். ஊர் பேரூராக உயர 2,000 மக்கள் தேவை. 2,040 பேர் வாழும் ஊரில் 80 வீரர்களைத் திரட்டினால், எஞ்சுவோர் 1,960 பேரே. ஊரின் உயர்வு தள்ளிப்போகும். ஆகவே, தேர்ந்த ஆட்டக்காரர் முதலில் வரியைக் குறைத்து, வேளாண்மையைப் பெருக்குவார். மக்கள்தொகை விரைந்து வளரும். ஊரை உயர்த்தும் கட்டடப் பணியைத் தொடங்கிய பின்னரே படை திரட்டுவார்.

மற்றோர் உத்தியும் உண்டு. நெரிசல் மிக்க நகரில் உழவர் படையைத் திரட்டி, மக்கள் குறைந்த ஊருக்கு நடத்திச் சென்று, அங்கே கலைத்துவிடலாம். கலைந்த வீரர்கள் அவ்வூரின் குடிகளாவர். வந்து சேர்ந்தவர்களால் அவ்வூர் வளரும்.

பயிற்சி

1. வரியைக் குறைப்பதால் ஊருக்கு விளையும் நன்மை யாது?
2. பகைவர் கோட்டை வாயிலில் நிற்கின்றனர். ஊரோ இன்னும் பேரூராகவில்லை. நீங்கள் படை திரட்டுவீர்களா, காத்திருப்பீர்களா? காரணத்துடன் எழுதுக.