கேமரா ‘ஆஃப்லைன்’ என்கிறதா? திருப்பூர் வீடுகளுக்குச் சில வைஃபை குறிப்புகள்

கீழே ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்கள் ஓட, மேலே குடித்தனம் நடக்கிற வீடுகள் திருப்பூரில் தெருவுக்குத் தெரு உண்டு. இப்போது அந்த வீடுகளுக்குள்ளும் வாசலில் வைஃபை கேமரா, தண்ணீர் மோட்டாருக்குப் போனிலேயே போடுகிற ஸ்விட்ச், கீஸருக்கு ஸ்மார்ட் பிளக் என்று வந்துவிட்டன. வாங்கிக் கொஞ்ச நாளில் தொல்லை ஆரம்பிக்கிறது. ஆப்பைத் திறந்தால் ‘ஆஃப்லைன்’. கழற்றி மாட்டினால் வரும், மறுநாள் திரும்பவும் போகும். பெரும்பாலும் பழுது அந்தச் சாமானில் இருப்பதில்லை. கரண்டிலோ, ரவுட்டர் வைத்திருக்கும் இடத்திலோ, அதன் செட்டிங்கிலோ இருக்கும். காசு கொடுத்துப் புதிது வாங்குவதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

1. எது விழுகிறது, எப்போது விழுகிறது என்று நாலு நாள் தினக்காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். எல்லாம் ஒன்றாக விழுந்தால் ரவுட்டர் அல்லது இன்டர்நெட் இணைப்பு. ஒன்று மட்டும் விழுந்தால் அதற்குச் சிக்னல் எட்டவில்லை, அல்லது அதன் அடாப்டர் போய்விட்டது. ஃபைபர் பெட்டியில் ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் கேபிளில் கோளாறு. அப்போது வீட்டுக்குள் என்ன செய்தாலும் பயனில்லை, இணைப்பு கொடுத்தவருக்குப் போன் போடுங்கள்.

2. கரண்ட் போய் வந்த பிறகுதான் விழுகிறது என்றால் காரணம் எளிது. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் முழுதாக எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். பல்பும் பிளக்கும் சில நொடிகளில் எழுந்து வைஃபையைத் தேடும். கிடைக்காவிட்டால் நல்லவை திரும்பத் திரும்பத் தேடும். மலிவானவற்றில் சில அப்படியே நின்றுவிடும். இதற்கு மருந்து, ரவுட்டருக்கென்றே விற்கும் மினி யூபிஎஸ். வாங்கும்போது அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலானவை 12 வோல்ட், சில 9 வோல்ட். ஃபைபர் பெட்டி தனி, ரவுட்டர் தனி என்று இருந்தால் இரண்டுக்கும் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் போட்டுவிட்டு ‘யூபிஎஸ் சரியில்லை’ என்பவர்கள் நிறைய. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடை செய்யும் நாளில் இது கடைசிவரை தாங்காது. அரைமணி, ஒருமணி வெட்டுக்குத் தாராளமாகப் போதும்.

3. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் ரவுட்டர் அணைந்து எரிகிறதா? இன்வெர்ட்டரின் பின்புறமோ முன்புறமோ ‘நார்மல்’, ‘யூபிஎஸ்’ என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதை யூபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். கரண்ட் மாறும் இடைவெளி குறையும், ரவுட்டர் அணையாது. பணம் செலவில்லாத வைத்தியம் இதுதான். இப்படி ஒரு ஸ்விட்ச் இருப்பதே பல வீடுகளில் தெரியாது.

4. மெஷின் போடும்போது வைஃபை போகிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். தையல் மோட்டாரின் இரைச்சலுக்கும் வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கும் வெகுதூரம். அங்கே அடிவாங்குவது பெரும்பாலும் கரண்ட்தான். கிளட்ச் மோட்டாரும் கம்ப்ரசரும் கிளம்பும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். விளக்கு ஒரு நொடி மங்கும். நல்ல அடாப்டர் 100 வோல்ட் வரை தாங்கும். உள்ளே கண்டென்சர் காய்ந்துபோன பழைய அடாப்டர் அந்த ஒரு நொடியில் விழுந்துவிடும். அதே வோல்ட், அதே ஆம்பியருக்குக் குறையாத, பின் அமைப்பும் ஒன்றாக உள்ள வேறொரு அடாப்டரை மாட்டிப் பாருங்கள். மூன்று பேஸ் இணைப்பு என்றால், ரவுட்டர் இருக்கும் லைனை மெஷின்கள் இல்லாத பேஸுக்கு எலக்ட்ரீஷியனை விட்டு மாற்றச் சொல்லுங்கள்.

விளக்கு மங்குவதோடு நில்லாமல் சில நேரம் வழக்கத்தைவிடப் பளீரென்று எரிகிறது என்றால் நியூட்ரல் தளர்ந்திருக்கக்கூடும். அது வைஃபை பிரச்னையே இல்லை. டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் எரிந்துபோகும். மெயினை அணைத்துவிட்டு உடனே எலக்ட்ரீஷியனையும் மின்வாரியத்தையும் கூப்பிடுங்கள்.

5. பஞ்சு. இந்த ஊருக்கென்றே உள்ள காரணம் இது. கட்டிங்கிலும் ஓவர்லாக்கிலும் பறக்கிற பஞ்சு மாடிப்படி வழியாக ஏறி வீட்டுக்குள் வந்து, சூடான இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடும். ரவுட்டரைத் தூக்கி அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். காற்றுப் போகும் துளைகள் தெரியாதபடி சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை படிந்திருக்கும், நகத்தால் பிடித்தால் துணி போல உரிந்து வரும். வைகாசி வெயிலில் ஷீட் கூரைக்குக் கீழே அந்த நிலையில் ஓடும் ரவுட்டர் மதியத்துக்கு மேல் தானாக அணைந்து எழுவதில் ஆச்சரியமில்லை. கரண்டைப் பிடுங்கிவிட்டுக் காய்ந்த பெயின்ட் பிரஷால் தட்டி எடுங்கள். மெஷின் ஊதுகிற ஏர் கன்னை நேராகப் பிடிக்க வேண்டாம். கம்ப்ரசர் காற்றில் தண்ணீர் வரும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மெஷினுக்கு எண்ணெய் விடும்போதே இதையும் செய்துவிடலாம். துணிப் பையோ கவரோ போட்டு மூடி வைப்பது இன்னும் கெடுதல். சுவரில் நிறுத்திவைத்தாற்போல் மாட்டினால் பஞ்சு படிவதும் குறையும்.

6. ரவுட்டரை பீரோ மேலே வைக்காதீர்கள், டிவிக்குப் பின்னால் செருகாதீர்கள். இரும்பும் தண்ணீரும்தான் வைஃபைக்கு எதிரி. அடுக்கி வைத்த காய்ந்த பனியன் துணியும் அட்டைப் பெட்டியும் அவ்வளவாகத் தடுக்காது. இரும்பு ரேக், தகர ஷட்டர், ஷீட் கூரை, நிரம்பிய சின்டெக்ஸ் தொட்டி ஆகியவை தடுக்கும். மாடியில் இருக்கும் கேமராவுக்கும் ரவுட்டருக்கும் நடுவே தண்ணீர்த்தொட்டி இருந்தால், தொட்டி நிரம்பிய நேரத்தில் மட்டும் கேமரா போவதைப் பார்க்கலாம். கேமராவை நாலடி தள்ளி மாட்டினாலே சரியாகிவிடும். சுவருக்குள் பதித்த இரும்புப் பெட்டிக்குள் வைக்கும் ஸ்மார்ட் ஸ்விட்சுக்கும் இதே கதி. அங்கே பிளாஸ்டிக் பெட்டி போடச் சொல்லுங்கள்.

7. போனில் இன்டர்நெட் பறக்கும், பிளக் மட்டும் சேராது. கேட்டால் ‘5ஜி வைஃபைதான் போட்டிருக்கோம்’ என்பார்கள். ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கும் செல்போன் 5ஜிக்கும் சம்பந்தமில்லை. மலிவான பிளக், பல்ப், கேமரா பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பேசும். 2014-இல் வந்த ஈஎஸ்பி8266 என்ற சீனச் சில்லுதான் வீட்டுச் சாமான்களில் வைஃபையை மலிவாக்கியது. அதற்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியவே தெரியாது. சில ரவுட்டர்களில் இரண்டு அலைக்கும் ஒரே பெயர் இருக்கும். செட்டிங்கில் போய் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். போனும் டிவியும் 5-இல் இருக்கட்டும், சாமான்கள் எல்லாம் 2.4-இல். 2.4 அலைதான் சுவரைத் தாண்டிச் சற்று அதிக தூரமும் போகும்.

8. லைன் வீடுகளில் பத்து வாசலுக்கு ஏழெட்டு வைஃபை. ஒன்றரை ஷிப்ட் முடிந்து எல்லோரும் வீடு வந்து போனைக் கையில் எடுக்கும் நேரத்தில்தான் உங்கள் கேமரா விழுகிறது என்றால் இது நெரிசல். 2.4 அலையில் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. வைஃபை அனலைசர் ஆப் ஒன்றைப் போனில் போட்டுப் பார்த்து, இவற்றில் கூட்டம் குறைந்ததை ரவுட்டரில் நிலையாக வைத்துவிடுங்கள். ‘ஆட்டோ’வில் விட்டால் அது நினைத்தபோது மாறும், ஒவ்வொரு முறையும் சாமான்கள் தடுமாறும். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். அதே ஆப்பில் கேமரா இருக்கும் இடத்தில் நின்று சிக்னலையும் பாருங்கள். மைனஸ் 67-ஐ விட நன்றாக இருந்தால் கவலையில்லை. மைனஸ் 75-க்கும் கீழே போனால் கேமரா நிலைப்பது கஷ்டம்.

9. பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2-இல் வையுங்கள். டபிள்யூபிஏ3 பழைய சாமான்களுக்குப் புரியாது. இன்டர்நெட் கம்பெனியை மாற்றினால் புதிய ரவுட்டருக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே, எழுத்து மாறாமல் கொடுங்கள். வீட்டிலுள்ள அத்தனையும் தானாக வந்து சேர்ந்துகொள்ளும்.

10. தண்ணீர் மோட்டாரை வைஃபையை நம்பி மட்டும் விடாதீர்கள். ஓடும்போது இணைப்பு போனால் ஸ்விட்ச் ஓடுகிற நிலையிலேயே நிற்கும். தொட்டி வழியும், அல்லது போர் வற்றி மோட்டார் கருகும். நல்ல தண்ணீர் வருகிற நாளுக்குக் காத்திருக்கும் ஊரில் தொட்டி நிறைந்து தெருவில் ஓடுவதைப் பார்க்க மனசு பொறுக்காது. தொட்டியில் ஃப்ளோட் ஸ்விட்ச், போருக்கு டிரை ரன் பாதுகாப்பு இரண்டும் வைஃபை இல்லாமலே வேலை செய்யும், முதலில் அவற்றைப் போடுங்கள். ஆப்பில் தானாக அணையும் நேரத்தையும் வைத்துவிடுங்கள். பல ஸ்விட்சுகள் அதைத் தம்மிடமே பதிந்து வைத்து, இன்டர்நெட் இல்லாவிட்டாலும் அணைத்துவிடும். உங்களுடையது எப்படி என்று ஒருமுறை ரவுட்டரை அணைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். மோட்டார் வைஃபை எட்டாத தோட்டத்தில் இருந்தால், விவசாயிகள் வைத்திருக்கும் சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டரே சரி.

11. சாமானில் உள்ள ரீசெட் பொத்தானைக் கடைசியில்தான் தொடுங்கள். டைமர், பெயர், வீட்டார் போன்களில் பகிர்ந்தது எல்லாம் அழிந்துபோகும். அதற்கு முன் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பிறகும் ஒரு கேமரா மட்டும் அடம் பிடித்தால், ரவுட்டரில் அதற்கு நிலையான ஐபி முகவரி ஒதுக்கிப் பாருங்கள்.

12. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கம்பெனி பூட்டிச் சொந்த ஊர் போகும் நாட்களில்தான் கேமரா மிகவும் தேவை. இன்டர்நெட் அறுந்தாலும் பதிவாகும்படி உள்ளே மெமரி கார்டு போடுங்கள். அது உண்மையில் பதிகிறதா என்று பழைய தேதி ஒன்றை ஓட்டிப் பாருங்கள். கிளம்பும்போது மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போவது நம் வீடுகளில் நல்ல பழக்கம். ஆனால் ரவுட்டரும் கேமராவும் அதோடு சேர்ந்து அணைந்துவிடும். இந்த இரண்டுக்கு மட்டும் தனி எம்.சி.பி. வைத்து, மற்ற அறைகளின் எம்.சி.பி.களை மட்டும் இறக்கிவிட்டுப் போகலாம். ஏற்பாடு செய்ய எலக்ட்ரீஷியனுக்கு அரைநாள் வேலை. பண்டிகைக்கு முந்தின வாரம் அவர்களைப் பிடிக்க முடியாது, இப்போதே சொல்லி வையுங்கள்.