வாயில்லா ஜீவனுக்குத் துணையாள்: காப்பக வேலைக்குப் போகும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை



ஆடு, மாடு, கோழி வளர்ப்பு பற்றி இந்தப் பக்கத்தில் நிறைய படிச்சிருக்கோம். இந்தத் தடவை கொஞ்சம் வேற பாடம். அனாதையாகத் திரியும் நாய், பூனை, அடிபட்ட மாடு இவற்றை வைத்துப் பராமரிக்கும் காப்பகங்களில் கால்நடை டாக்டருக்குத் துணையாக ஆள் தேவைப்படுது. பாரா வெட் என்றும் சொல்வார்கள். அந்த வேலை என்ன, நம்ம வீட்டுப் பெண்பிள்ளைகளை அனுப்பலாமா, அனுப்பினால் என்னென்ன கேட்டு அனுப்பணும் என்று பார்ப்போம்.

இந்த வேலை ஏன் கூடுது?

காப்பகம் புதுசு இல்லை. சென்னையில் புளூ கிராஸ் 1959-லேயே தொடங்கிருச்சு. 2023-ல் வந்த மத்திய அரசு விதி, தெருநாய்க்குக் கருத்தடை ஆபரேஷனும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விடணும் என்றது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடாமல் காப்பகத்தில் வைக்கணும் என்று உத்தரவு போட்டது. ஆபரேஷன் பண்ண டாக்டர் வேணும். அதற்கு முன்னும் பின்னும் பார்த்துக்கொள்ள நாலு கை வேணும்.

கண்தான் முதல் கருவி

டாக்டர் ஒவ்வொரு கூண்டு முன்னாடியும் நாள் முழுக்க நிற்க முடியாது. எந்த நாய் சாப்பிடலை, எது மூலையில் சுருண்டு கிடக்குது என்று முதலில் பார்ப்பது துணையாள்தான். ஆடு அசை போடலைன்னா உடம்பு சரியில்லைன்னு நமக்கு யாரும் சொல்லித் தரலை. அந்தக் கண் நம்மிடம் இருக்கு. அதோடு அளவும் எழுத்தும் சேரணும்.

காலையில் போனதும் கூண்டைக் கழுவக் கூடாது. முதலில் பார்க்கணும். சாணம் எப்படி இருக்கு, ரத்தம் கலந்திருக்கா, வாந்தி இருக்கா, வைத்த சோறு மிச்சமா? கழுவிவிட்டால் சாட்சி போயிடும். பார்த்ததை நோட்டில் எழுதிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றணும்.

கழுவுவதிலும் வரிசை உண்டு. குட்டிகள், ஆரோக்கியமானவை முதலில், நோயாளிகள் கடைசியில். மாற்றிச் செய்தால் நம்ம செருப்பும் துடைப்பமுமே நோயைக் கொண்டுபோகும். பார்வோ என்கிற ரத்தக்கழிச்சல் நாய்க்குட்டிகளைக் கொத்தாகக் கொல்லும். அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் இருக்கும். அழுக்கை முதலில் வழித்து எடுத்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி ஊற விடணும். பூனை இருக்கும் இடத்தில் பினாயில் வேண்டாம், பூனைக்கு அது ஆகாது. பிளீச்சிங்கோடு ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது, விஷப்புகை வரும்.

அளந்து சொல்லணும்

"உடம்பு சுடுது" என்றால் டாக்டருக்குப் போதாது. நாயின் சாதாரண உடல்சூடு சுமார் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்கு அது காய்ச்சல், நாய்க்கு அது சுகம். தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பார்க்கணும். மருந்து அளவு எடையைப் பொறுத்தது. நாய் தராசில் நிற்காவிட்டால், சாதுவான நாயாக இருந்தால் தூக்கிக்கொண்டு நாம் ஏறி, பிறகு நம்ம எடையைக் கழித்தால் போதும்.

ஆபரேஷன் முடிந்த நாய் மயக்கம் தெளியும்வரை பக்கத்தில் ஆள் இருக்கணும். கழுத்து மடங்காமல் நீட்டி வைத்து, சாக்கு போர்த்திச் சூடாக வைக்கணும். முழுசாகத் தெளியும் முன் தண்ணீர் கொடுத்தால் மூச்சுக்குழாயில் போயிடும். ஈறு ரோஸ் நிறமாக இருக்கணும். வெளுத்துப்போனால் உள்ளே ரத்தம் கசியலாம். உடனே டாக்டரைக் கூப்பிடணும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

எல்லை தெரியணும்

1984-ம் வருஷத்து இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற டாக்டர்தான் கால்நடை வைத்தியம் பார்க்கலாம். சின்னச்சின்ன சிகிச்சைகளை, அரசு அனுமதித்த படிப்பு படித்தவர் டாக்டரின் மேற்பார்வையில் செய்யலாம். இது நம்மை மட்டம்தட்ட வந்த சட்டம் இல்லை. நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு விஷம். ஒன்றே உயிரை எடுத்துவிடும். தெரிந்த மருந்துதானே என்று கை வைக்கக் கூடாது.

முதலில் நம்ம உயிர்

ரேபிஸ் என்கிற வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. ஆனால் முன்கூட்டியே தடுக்கலாம். இந்த வேலைக்குப் போகிறவர் கடிபடும் முன்பே தடுப்பூசி போட்டுக்கணும். நம்ம நாட்டு வழக்கப்படி மூன்று ஊசி: முதல் ஊசி, 7-ம் நாள் ஒன்று, 21 அல்லது 28-ம் நாள் ஒன்று.

வெறிநோய் கண்ட நாய் எல்லாம் பாய்ந்து கடிக்காது. சிலது வாய் தொங்கி, எச்சில் வடிய, விழுங்க முடியாமல் சோர்ந்து கிடக்கும். "பாவம், தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கு" என்று வாய்க்குள் கையை விட்டுடாதீங்க.

கடியோ, நகக்கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போகணும். முன்பே மூன்று ஊசியும் போட்டிருந்தாலும் அன்றைக்கு ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று போட்டுக்கணும்.

எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் வரும், அதனால் பூட்ஸ் வேணும். கர்ப்பிணிகள் பூனை மலத்தை அள்ளும் வேலையை வேறு ஆளிடம் கொடுக்கணும்.

மனசுக்கும் பாரம் உண்டு. எவ்வளவு பார்த்தாலும் சிலது செத்துப்போகும். பிழைக்க வழியில்லாததை டாக்டர் ஊசி போட்டு உறங்க வைக்கும் நாளும் வரும். வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்காது. அப்படி வரும் பெண்ணிடம் "நாய்க்கா அழுறே?" என்று கேட்காமல், உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்க.

சேரும் முன் கேட்க வேண்டியவை

1. வெறிநோய்த் தடுப்பூசிக்கு யார் பொறுப்பு? ஊசி போட்ட பிறகுதான் கூண்டுக்குள் அனுப்புவார்களா?
2. கிளவுஸ், பூட்ஸ், வாய்க்கட்டு, ஊசி போடும் கெட்டி டப்பா இருக்கா?
3. டாக்டர் எந்தெந்த நாள் வருவார்? ராத்திரி அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது?
4. சம்பளம் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் இருக்கா? வேலை உத்தரவு எழுத்தில் தருவார்களா? இ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டா?
5. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கா? ராத்திரி ஷிப்ட் உண்டா, திரும்பி வர வண்டி இருக்கா?

முதல் கேள்விக்கே மழுப்பலாகப் பதில் வந்தால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் அந்த இடம் வேண்டாம்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

- நம்ம ஊரில் நாய் கடித்தால் இன்னும் என்ன கைவைத்தியம் செய்றோம்? அதை எப்படி நிறுத்துவது?
- நமக்குப் பக்கத்தில் வெறிநோய்த் தடுப்பூசி எப்போதும் இருக்கும் அரசு ஆஸ்பத்திரி எது? விசாரித்துத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்க.
- கால்நடை வேலையில் ஆர்வமுள்ள பெண்பிள்ளை குழுக் குடும்பங்களில் யார் இருக்காங்க? கால்நடை மருந்தகத்து டாக்டரிடமோ, கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மாவட்டப் பயிற்சி மையத்திலோ பயிற்சி பற்றிக் கேட்டு, அடுத்த கூட்டத்தில் சொல்லட்டும்.