திரையை விட்டுப் பிள்ளையைப் பாருங்கள்

பிறந்து பன்னிரண்டு நாளான ஆண் பிள்ளை. இதய அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். அப்பாவைக் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் ஐசியுவுக்குள் விடுவோம். வந்ததும் அவர் கண் கட்டிலுக்கு மேலே உள்ள திரைக்குத்தான் போகும். "நேத்து தொண்ணூத்தாறு காட்டுச்சு, இப்ப ஏன் சிஸ்டர் தொண்ணூத்திமூணு?" பத்து நிமிடமும் அதிலேயே கரைந்துவிடும். ஒருநாள் அவருக்குப் பதிலாக மாமியார் வந்தார். திரைப் பக்கம் திரும்பவே இல்லை. பிள்ளையின் வயிறு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பாதத்தைப் பிடித்தார். "முகம் தெளிவாத்தான் இருக்கு. கால்தான் ஐஸா கெடக்கு தாயி" என்றார். சற்று நேரத்தில் ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர் முதலில் தொட்டுப் பார்த்ததும் அதே பாதத்தைத்தான். இதயம் களைத்தால் ரத்தம் முதலில் கைவிடுவது கைகால் நுனிகளை.

இருபது வருடத்துக்கும் மேலாகக் குழந்தைகளின் இதய ஐசியுவில் செவிலியராக இருந்தவள் என்கிற உரிமையில் சொல்கிறேன்: அந்தத் திரை வீட்டுக்கு வராது. டிஸ்சார்ஜ் அன்று வயர்களை எல்லாம் கழற்றிவிட்டுப் பிள்ளையை உங்கள் மடியில் கொடுத்துவிடுவோம். அதுவரை எண்களையே பார்த்துப் பழகியவர்கள் முதல் ராத்திரி தவித்துப் போகிறார்கள். பிள்ளையைப் பார்க்கும் பழக்கம் ஐசியுவிலேயே தொடங்க வேண்டும்.

அந்தப் பிள்ளைக்கு இருந்தது, இதயத்திலிருந்து புறப்படும் இரண்டு பெருங்குழாய்களும் இடம் மாறியிருக்கிற குறை. உடம்பிலிருந்து வரும் ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் உடம்புக்கே திரும்பும். நுரையீரலில் சுத்தமான ரத்தம் நுரையீரலுக்கே திரும்பும். இரண்டும் எங்காவது கலந்தால்தான் பிள்ளை தங்கும். கருவில் இருந்த ஓர் இணைப்புக் குழாய் பிறந்த சில நாளில் மூடிக்கொள்ளும். அதை மூடவிடாமல் வைத்திருக்க புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்தை ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். குழாய்களை இடம் மாற்றித் தைக்கும் அறுவை சிகிச்சையை 1975இல் பிரேசிலில் அடிப் ஜாட்டேன் முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்தார். இப்போது பிறந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்துவிடுகிறார்கள். தள்ளிப்போட்டால் இதயத்தின் இடது கீழறை பளு இல்லாமல் இளைத்துவிடும். "பிள்ளை ஒரு மாசம் தேறட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இந்த இடத்தில் செல்லாது.

இப்படிப்பட்ட குறைகள் சில பிறந்த அன்று வெளியே தெரியாது. பிறந்து 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்க்கிற ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு இடத்திலும் 95க்குக் குறையாமல், இரண்டுக்கும் வித்தியாசம் மூன்றுக்குள் இருக்க வேண்டும். ஊசி இல்லை, வலி இல்லை. பிரசவம் பார்த்த இடத்தில் செய்யாவிட்டால் கேட்டு வாங்குங்கள். மாநிறம், கறுப்பு நிறப் பிள்ளைகளுக்கு நீலம் பாய்வது தோலில் எளிதில் தெரியாது, நாக்கைப் பாருங்கள். கைகால் விரல் மட்டும் நீலமாக இருப்பது பச்சைப்பிள்ளைக்கு இயல்பு. நாக்கு நீலமாக இருப்பது இயல்பே இல்லை.

குறை தெரிந்து வேறு ஊர் மருத்துவமனைக்கு அனுப்பினால் சொந்தக் காரில் கிளம்பாதீர்கள். புரோஸ்டாகிளாண்டின் ஏறும்போது பிள்ளையின் மூச்சு சட்டென்று நின்றுபோகலாம். வென்டிலேட்டரும் அதை இயக்கத் தெரிந்தவரும் உள்ள ஆம்புலன்ஸ்தான் வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, ரேஷன் கார்டு, பெற்றோரின் ஆதார் மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். போய்ச் சேர்ந்ததும் நகை அடகு வைக்க ஓடுவதற்கு முன்னால் காப்பீட்டு உதவி மேசைக்குப் போங்கள். முன் அனுமதி வாங்காமல் கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் தாய் ஓர் ஊரில், பிள்ளை இன்னோர் ஊரில். வயிற்றில் தையலோடு படுத்திருக்கிறவளிடம்தான் எல்லோரும் விசாரணை வைப்பார்கள்: கிரகணத்தன்று வெளியே போனாயா, பப்பாளி தின்றாயா, மாத்திரை ஒழுங்காகப் போட்டாயா? கரு உருவான முதல் எட்டு வாரத்துக்குள் இதயம் வடிவம் பெற்றுவிடுகிறது. பலருக்கு அப்போதுதான் கர்ப்பமே உறுதியாகியிருக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இன்ன காரணம் என்று எந்த மருத்துவராலும் சுட்ட முடிவதில்லை. விசாரிக்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்துவதற்கு வீட்டில் கொஞ்சம் வாய் உள்ள ஒருவரை நியமியுங்கள். அத்தை அல்லது பெரியம்மா இதற்குத் தோதானவர்.

அந்தத் தாய் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பிள்ளை பக்கத்தில் இல்லாவிட்டாலும் பிறந்த சில மணி நேரத்துக்குள் பாலைக் கையால் பீய்ச்சத் தொடங்க வேண்டும். நாளுக்கு எட்டு முறை, அதில் ஒன்றாவது நடுராத்திரியில். முதல் நாள் ஒரு ஸ்பூன்கூட வராது. அதற்காக விட்டுவிடக் கூடாது. அந்தச் சீம்பாலில் இரண்டு சொட்டை, வென்டிலேட்டரில் இருக்கிற பிள்ளையின் கன்னத்துக்குள் தடவ எங்களில் பலர் அனுமதிப்போம். கேளுங்கள். நானும் என் சக செவிலியர்களும் எத்தனை மருந்து ஏற்றினாலும், "என் பால் உள்ளே போச்சா சிஸ்டர்?" என்று கேட்கிற தாயின் முகத்தில் வருகிற தெளிவை எதாலும் வரவழைக்க முடிந்ததில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல்முறை பார்க்கப் போகும்போது மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். முகம் ஊதி, கண் இடுங்கி, வேறு யார் பிள்ளையோ என்று தோன்றும். நெஞ்சிலிருந்து ரத்தநீர் வடிய ஒரு குழாய், வாயில் மூச்சுக்குழாய், கழுத்தில் ஊசி. சில பிள்ளைகளுக்கு வீக்கம் வடிகிற வரை நெஞ்செலும்பை மூடாமல் மெல்லிய சவ்வு போட்டு வைத்திருப்போம். அது விபரீதம் நடந்ததற்கு அடையாளம் அல்ல. இதயத்துக்கு இடம் கொடுப்பதற்காக. ரத்தம் கொடுக்க உறவினர்களைத் திரட்டுவது நல்லதுதான், ஆனால் "அப்பா ரத்தத்தையே ஏற்றுங்கள்" என்று அடம்பிடிக்காதீர்கள். நெருங்கிய ரத்த உறவின் ரத்தம் பச்சைப்பிள்ளைக்கு ஆபத்தாக முடியலாம். அப்பா ரத்த வங்கிக்குக் கொடுக்கட்டும், பிள்ளைக்கு எது ஏற வேண்டும் என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

மருத்துவரிடம் ஆளுக்கொரு கேள்வியாக மொய்க்க வேண்டாம். குடும்பத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள், கையில் நோட்டு இருக்கட்டும். "நேற்றைக்கு இன்று எதில் தேறியிருக்கிறான், எதில் கவலை?" இந்த ஒரு கேள்வி போதும். மிச்ச நேரத்தில் பிள்ளையின் காலைத் தொடுங்கள், மூச்சைக் கவனியுங்கள், பேசுங்கள். மயக்க மருந்தில் இருக்கிற பிள்ளையிடம் பேசக் கூச்சமாக இருந்தால் தாலாட்டு பாடுங்கள். தாளம் தப்பினால் அங்கே யாரும் கேலி செய்ய மாட்டோம்.

டிஸ்சார்ஜ் நெருங்கும்போது ஓர் எண்ணை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: இந்தப் பிள்ளைக்கு ஆக்சிஜன் எவ்வளவு இருந்தால் சரி? முழுமையாகச் சரிசெய்த பிள்ளைக்கு 95க்கு மேல் இருக்க வேண்டும். சில பிள்ளைகளுக்குத் தற்காலிகமாக ஒரு சிறு குழாயை மட்டும் வைத்து அனுப்புவார்கள். அவர்களுக்கு 75 முதல் 85தான் சரியான அளவு. இதை அறியாத உள்ளூர் மருத்துவமனை அந்தப் பிள்ளைக்கு 100 ஆகட்டும் என்று ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டே போவதுண்டு. குழாய் வைத்த பிள்ளைக்கு வாந்தியோ பேதியோ வந்தால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமே கிடையாது. உடம்பில் நீர் குறைந்தால் அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும். அன்றே, அந்த மணிநேரமே கிளம்ப வேண்டும்.

வீட்டில் தினமும் பார்க்க வேண்டியவை சாதாரணமானவை. தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். அறுபதைத் தாண்டினால் கவனம். பால் குடிக்கையில் நெற்றி வேர்க்கிறதா, அரை மணிக்கு மேல் இழுக்கிறதா, பாதியில் களைத்துத் தூங்கிவிடுகிறதா? ஒவ்வொரு பாலூட்டலும் நமக்கு மாடிப்படி ஏறுவது மாதிரி, பிள்ளையின் இதயத்துக்கு அது ஒரு பரீட்சை. ஈரத்துணி எண்ணிக்கை குறைந்தால், 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், தையல் சிவந்து நீர் கசிந்தால் போன் செய்யுங்கள். எடையை வாரம் ஒருமுறை ஒரே தராசில் போடுங்கள். நாளுக்கு இருபது, முப்பது கிராம் ஏறினால் நிம்மதி.

நான் அதிகம் பயப்படுவது மருந்து விஷயத்தில். பச்சைப்பிள்ளைக்கு வேண்டிய சிறிய அளவு கடையில் கிடைக்காது. அதனால் மாத்திரையை இத்தனை மில்லி தண்ணீரில் கரைத்து அதில் ஒரு மில்லி கொடு என்று எழுதித் தருவோம். கடைக்காரர் அதே பெயரில் வேறு பவர் மாத்திரை கொடுத்தால் அளவு இரண்டு மடங்காகிவிடலாம். ஒவ்வொரு முறையும் அட்டையில் உள்ள மில்லிகிராமைப் பழைய அட்டையோடு ஒப்பிடுங்கள். சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். பாலாடையில் பாலோடு கலந்தால், பிள்ளை பாதியை மிச்சம் வைக்கும்போது மருந்து எவ்வளவு போனதென்று யாருக்கும் தெரியாது. கக்கிவிட்டால் மறுபடி கொடுக்காமல் முதலில் கேளுங்கள்.

நெஞ்செலும்பு கூட ஆறு வாரம் ஆகும். அதுவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. ஒரு கை தலைக்கும் கழுத்துக்கும் அடியில், இன்னொன்று புட்டத்துக்கு அடியில். தாம்பூலத் தட்டை ஏந்துவதுபோல. வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் முதலில் இதைச் சொல்லிக்கொடுங்கள். காலில் போட்டு எண்ணெய் தேய்த்து உருவுவதும் நெஞ்சை நீவுவதும் இப்போது வேண்டாம். தூளியில் உடம்பு வளைந்து கிடக்கும்; அந்த ஆறு வாரம் சமதளத்தில் மல்லாத்திப் படுக்க வையுங்கள். சாம்பிராணிப் புகை, உரை மருந்து, வசம்பு மூன்றையும் நிறுத்துங்கள். பாட்டிமார்களுக்கு இது மனத்தாங்கலாக இருக்கும். அவர்களுக்கு மூச்சு எண்ணும் வேலையைக் கொடுத்துவிடுங்கள். நம்மைவிட நன்றாகச் செய்வார்கள். முதலில் சொன்ன அந்த மாமியார் முதல் பரிசோதனைக்கு வந்தபோது நாற்பது பக்க நோட்டில் பால், ஈரத்துணி, மூச்சு எல்லாம் நாள் வாரியாகக் கோடு போட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தார். மருத்துவர் எக்கோ எடுப்பதற்கு முன்னால் அதைத்தான் வாசித்தார்.

எல்லோரும் பிள்ளையைப் பார்க்கிற அந்த வாரங்களில் தாயையும் ஒருவர் பார்க்க வேண்டும். பிள்ளை தூங்கினாலும் அவள் தூங்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளையைத் தொடவே பயப்படுகிறாள் என்றால் பத்தியச் சோறு மட்டும் தீர்க்கிற விஷயமல்ல. பிள்ளையின் அடுத்த பரிசோதனையிலேயே சொல்லுங்கள்.

தடுப்பூசிகளை எப்போது தொடரலாம் என்று மருத்துவரிடம் தேதி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரத்தம் ஏற்றியிருந்தால் தட்டம்மை ஊசி சற்றுத் தள்ளிப்போகலாம். காது குத்தையும் அதேபோல் இதய மருத்துவரைக் கேட்காமல் வைக்காதீர்கள். காதுப் புண்ணில் சீழ் பிடித்தால் கிருமி ரத்தத்தில் ஏறி, தைத்த இடத்தில் போய் உட்கார்ந்துவிடலாம். தாய்மாமன் கோபித்துக்கொண்டால் பழியை எங்கள் மேல் போடுங்கள். எங்களுக்கு அது பழக்கம்தான்.