கேமராவுக்கு முன்னால் திரையை வாங்குங்கள்



ஆலயத் திருவிழா, திருமுறைப் போட்டி, கலை இரவு என்று எது நடந்தாலும் நேரலை வேலை இப்போது இளைஞர்கள் கைக்குத்தான் வருகிறது. நிர்வாகம் கொஞ்சம் பணம் ஒதுக்கும். "தம்பி, நல்லதா பார்த்து வாங்குங்க" என்று தலைவர் சொல்வார். உடனே நம் கண் எங்கே போகும்? கேமரா மேலதான். பணத்தில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும். மிச்சத்தில் ஒரு முக்காலி, இரண்டு வயர். அவ்வளவுதான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கும்பாபிஷேகம் 12 ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது. கலசத்தில் தீர்த்தம் ஊற்றும் நேரத்தில் படம் வெளிறிப் போனால், "இன்னொரு தடவை ஊத்துங்க ஐயா" என்று குருக்களிடம் கேட்க முடியுமா? நடக்க முடியாத பாட்டி வீட்டில் தொலைக்காட்சி முன்னால் அதற்காகவே காத்திருப்பார். செலவாகும் பணமும் பலர் கொடுத்த உபயம். ஆகவே, பதிவாவதை உள்ளபடி காட்டும் கருவிதான் முதல் செலவாக இருக்கணும். அதை நான்கு பகுதிகளாகப் பார்ப்போம்.

1. கண்ணுக்கு: திரை

கைத்தொலைபேசித் திரை பெரும்பாலும் நிறத்தைத் தூக்கிக் காட்டும். மலிவான மடிக்கணினித் திரை நேர்மாறாக வெளிறிக் காட்டும். வெளிறிய திரையை நம்பி எடிட் செய்கிறவர் நிறத்தைக் கூட்டிக்கொண்டே போவார். வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தால் எல்லார் முகமும் ஆரஞ்சுப் பழம் மாதிரி இருக்கும்!

எடிட்டிங் மேசைக்கு விலை உயர்ந்த ஒளிபரப்பு மானிட்டர் கட்டாயம் இல்லை. ஐபிஎஸ் வகைத் திரை, எஸ்ஆர்ஜிபி நிறங்களை ஏறத்தாழ 100 விழுக்காடு காட்டுவது, இந்த இரண்டும் பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எச்டி தொலைக்காட்சிக்கான ரெக் 709 தரமும் எஸ்ஆர்ஜிபியும் ஒரே அடிப்படை நிறங்களைக் கொண்டவை. அதனால் இது நம் வேலைக்குப் போதும்.

களத்தில் கேமரா மேல் பொருத்த 5 அல்லது 7 அங்குல மானிட்டர் ஒன்று வேணும். வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "இதில் வேவ்ஃபார்ம் இருக்கா?" வேவ்ஃபார்ம் என்பது படத்தின் வெளிச்சத்தைக் கோடுகளாகக் காட்டும் வரைபடம். கீழே 0 கறுப்பு, மேலே 100 வெள்ளை. வெயிலில் திரை மங்கலாகத் தெரியும், இருட்டு மண்டபத்தில் பளிச்சென்று தெரியும். நம் கண் ஏமாறும், வேவ்ஃபார்ம் ஏமாறாது. தீபாராதனையில் சுடர் 100-ஐத் தொட்டால் பரவாயில்லை. சுவாமியின் சந்தனக் காப்பும் சேர்ந்து மேலே தட்டையாக ஒட்டிக்கொண்டால் அந்த விவரம் போச்சு. எடிட்டிங்கில் திரும்பி வராது.

காசில்லாத ஒரு குறிப்பும் உண்டு. மலேசியா, சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமரா ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் குழல் விளக்கால் வரும் படத் துடிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும்.

2. காதுக்கு: ஹெட்போன்

உருமியும் நாதஸ்வரமும் முழங்கும் இடத்தில் திறந்த ஹெட்போன் உதவாது. காதை முழுக்க மூடும் வகை வேணும். மிக்சரில் கேட்டால் மட்டும் போதாது. கேமராவுக்கு அல்லது கணினிக்கு வந்து சேர்ந்த ஒலியைக் கேளுங்கள். வழியில் வயர் கெட்டிருந்தால் அங்கேதான் தெரியும். ஒலி மீட்டரில் பேச்சு மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருக்கட்டும். 0-ஐ எதுவும் தொடக் கூடாது. தொட்டால் ஒலி கிழியும்.

3. இணைப்புக்கு: வயர்

எச்டிஎம்ஐ வயர் மலிவு. ஆனால் சாதாரண வயர் 10, 15 மீட்டர் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரலாம். கால் பட்டாலும் கழன்றுவிடும். எஸ்டிஐ வயர் திருகிப் பூட்டிக்கொள்ளும். நல்ல வயராக இருந்தால் எச்டி படத்தை 70 மீட்டர் வரைக்கும் கொண்டுபோகும். ராஜகோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் கேமரா போடும் குழு, வாங்குவதற்கு முன் தூரத்தை அளந்துகொள்வது நல்லது.

4. எடிட்டிங்குக்கு: கணினி

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பிலேயே எடிட்டிங், நிறத் திருத்தம், வேவ்ஃபார்ம் எல்லாம் உண்டு. நேரலைக்கு ஓபிஎஸ் ஸ்டுடியோ முழுவதும் இலவசம். மிச்சமாகும் பணத்தை 32 ஜிகாபைட் ரேம், தனி கிராஃபிக்ஸ் அட்டை, எஸ்எஸ்டி ஆகியவற்றில் போடுங்கள். கணினி திணறினால் பிராக்சி எனும் சிறிய நகல்களை உருவாக்கி எடிட் செய்யலாம்.

வட்டு எவ்வளவு வேணும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேமரா விநாடிக்கு 100 மெகாபிட் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட். இரண்டு கேமரா, 5 மணி நேரம் என்றால் 450 ஜிகாபைட். இரண்டு வட்டுகளில் தனித்தனியாக நகல் எடுத்தால்தான் நிம்மதி.

இரண்டாம் கைப் பொருள் வாங்கலாமா?

தாராளமா வாங்கலாம், ஆனால் கையோடு மடிக்கணினி கொண்டுபோங்கள். முழு வெள்ளை, முழுச் சாம்பல், முழுக் கறுப்புப் படங்களைத் திரையில் போட்டுப் பாருங்கள். கறை, செத்த புள்ளி, ஓரத்தில் கசியும் வெளிச்சம் எல்லாம் தெரிந்துவிடும். எல்லாத் துளைகளிலும் வயரைச் செருகிச் சோதியுங்கள்.

நேரலையைக் கண்காணிக்கப் புதுக் கருவியே தேவையில்லை. யார் வீட்டிலாவது கிடக்கும் பழைய கைத்தொலைபேசி போதும். அதை ஆலய வைஃபையில் இணைக்காமல் வேறு டேட்டாவில் போட்டு, ஒருவர் நேரலையை மட்டும் பார்க்கட்டும். சில விநாடி தாமதம் இயல்பு. படம் நின்றால், ஒலி போனால், பாட்டிக்குத் தெரியும் அதே நேரத்தில் உங்களுக்கும் தெரியும். அவரிடம் தண்ணீர் பாட்டில் எடுத்து வர, செருப்பு அடுக்க என்று வேறு வேலை கொடுக்காதீங்க.

இந்த வாரப் பயிற்சி

இருக்கும் கேமராவில், கைத்தொலைபேசியானாலும் சரி, உங்கள் கிளையின் வாராந்திர வழிபாட்டை 10 நிமிடம் பதிவு செய்யுங்கள். அதை மடிக்கணினி, கைத்தொலைபேசி, வீட்டுத் தொலைக்காட்சி மூன்றிலும் போட்டு, முகநிறம், சுடர், ஒலி மூன்றிலும் தெரியும் வேறுபாடுகளை எழுதுங்கள். கருவி வாங்கும் கூட்டத்துக்கு விலைப்பட்டியலோடு அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். பணம் எதற்குப் போக வேண்டும் என்பதை அந்தத் தாளை வைத்தே பேசி முடிவெடுக்கலாம்.